புது டயரும் வருங்கால மாமனாரும்

ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாகிவிட்டது. முதுகை நிமிர்த்தியாகிவிட்டது. தொண்டையைக்கூட ஒருமுறை கனைத்தாகிவிட்டது. சாவியை எங்கே சொருகுவது என்பது மட்டும்தான் கண்ணாடி என்று ஊர் கூப்பிடுகிற அவனுக்குத் தெரியவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் தடவினான். இல்லை. இடது பக்கம் தடவினான். ஏதோ ஒரு ஒயர் கையோடு வந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டு, பிறந்ததிலிருந்து ஜீப் ஓட்டுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் ஆஜானுபாகு. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் ஜீப்பே கொஞ்சம் தாழ்ந்து கிடந்தது.

"நடுவுல பாரு தம்பி," என்றார்.

ரேடியோவுக்குக் கீழே, இரண்டு குமிழ்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தது துவாரம்.

"தெரியும் சார். மத்த ஜீப்ல எல்லாம் வேற இடத்துல இருக்கும், அதான்," என்றான் கண்ணாடி. மற்ற ஜீப் என்று ஒன்று அவன் வாழ்க்கையில் கிடையாது. இதுதான் முதல்.

சாவியைத் திருப்பினான். வண்டி முன்னால் ஒரு குதி குதித்துவிட்டு அடங்கியது. கியரில் இருந்திருக்கிறது. பெரியவர் மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

கண்ணாடி என்பது அவன் பெயர் இல்லை, அவன் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிறவன். நாள் முழுக்க எதிரில் உட்காருகிறவர்களிடம் இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று கேட்டே வயது ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிலைகொள்கிற உடம்பும் இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது திருகும். தூக்கத்தில்கூட அவன் தலையணை கட்டிலை விட்டு எங்கேயாவது பயணம் போயிருக்கும் என்று அவன் அம்மா சொல்வாள்.

இப்படிப்பட்டவன் கடைக்கு ஒருநாள் மாட்டு டாக்டர் வந்தாள். மாடு மட்டுமில்லை, ஆடு, நாய், கிளி எல்லாவற்றுக்கும் அவள்தான். வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பியை ஆடு ஒன்று மென்று தின்றுவிட்டது. ஆடு தின்னாத ஃபிரேமாக வேண்டும் என்றாள். கண்ணாடி கடையையே தலைகீழாகப் புரட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த ஃபிரேம் தளர்ந்திருக்கிறதா, காதில் அழுத்துகிறதா என்று பார்க்க அவள் அடிக்கடி வந்தாள். ஃபிரேமுக்கு ஒரு கேடும் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

பெண்ணுக்குச் சம்மதம். இவன் வீட்டில் சம்மதம். இடையில் நின்றது அவளுடைய அப்பா ஒருவர்தான். டயர்க்கடை வைத்திருக்கிற மனிதர். காதல் என்கிற சொல் காதில் விழுந்தாலே அன்றைக்குச் சாப்பிடமாட்டாராம். அதனால் டாக்டர் தெளிவாக ஒரு வழி சொல்லியிருந்தாள். "எங்க அப்பா யாரையும் கேள்வி கேட்டு எடை போட மாட்டார். புது டயர் மாட்டுன வண்டியை எல்லாம் குவாரிக்குள்ள ஒரு சுத்து விட்டுத்தான் வெளியே அனுப்புவார். பிடிச்ச ஆளுன்னா கூட்டிட்டுப் போய் ஓட்டச் சொல்வார். சேத்துல ஓட்டுறதை வச்சு ஆளையே சொல்லிடுவார். என் தோழியோட சொந்தக்காரர் டயர் சோதனையைப் பார்க்க ஆசைப்படுறார்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வந்து நல்லபடியா ஓட்டு. என்னைத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காத. அவருக்கு உன்னைப் பிடிச்சுட்டா மீதியை நான் பார்த்துக்கறேன்."

கடை வாசலில் ஜீப் நிற்கும், அப்பா அங்கேதான் இருப்பார், பார்த்துப் பயந்துவிடாதே, நேரத்துக்கு வந்துவிடு என்று வேறு சொன்னாள். கண்ணாடி எந்தச் சட்டை போடுவது என்று தெரியாமல் அலமாரியில் இருந்ததை எல்லாம் போட்டுக் கழற்றியதில் நேரம் தவறிவிட்டது. கடைசியில் வெள்ளைச் சட்டை. சேற்றுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவனை என்னவென்று சொல்ல.

வாசலில் ஜீப் நின்றது. நாலு சக்கரத்திலும் கட்டை கட்டையாகப் பல் எடுத்த பட்டன் டயர், ரப்பர் வாசனை மாறாமல் கறுகறுவென்று இருந்தது. டயரில் ஆர்வம் உள்ளவன் என்று காட்ட வேண்டுமே. கண்ணாடி நேராகப் போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தான். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தான். தலைக்கு மேலே ஒரு கனத்த குரல் கேட்டது.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்? உனக்காகத்தான் உக்காந்திருக்கேன். ஏறு, நீயே ஓட்டு."

அந்தக் குரலையும் அந்த உடம்பையும் பார்த்ததும் பயந்துவிடாதே என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் கண்ணாடிக்கு விளங்கிவிட்டது. சாவியை வாங்கின அந்த நிமிஷமே மனசுக்குள் அவரை மாமனார் ஆக்கிவிட்டான். ஆசைப்படுகிறவன் ஆசைப்பட்டுவிட்டுப் போகட்டும், நாமும் அவரை அப்படியே கூப்பிடுவோம்.

கடைக்குப் பின்னால் கல் எடுத்து ஓய்ந்த பழைய குவாரி. மேலே ஜல்லியும் பாறையும் கலந்த ஒற்றைப் பாதை, நடுவில் மணல், அடியில் மழைத்தண்ணீர் தேங்கிச் சதசதவென்று கிடக்கும் சேற்றுக் குழி. ஜல்லிப் பாதையில் வண்டி ஏறியதும் கண்ணாடிக்கு ஆச்சரியமாகிவிட்டது. வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்போல் இருந்தது. விளக்குப் போடலாமென்று எதையோ திருக, ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைக்கும் கம்பி, மழையே இல்லாமல் கிறீச் கிறீச்சென்று ஆட ஆரம்பித்தது. அதை நிறுத்துகிற வழி தெரியாமல், அதுவும் வேண்டுமென்றே போட்டதுதான் என்பதுபோல் விட்டுவிட்டான்.

மாமனார் அப்போதுதான் முதல் கேள்வியைப் போட்டார். இந்த டயரில் அப்படி என்ன விசேஷம், சொல் பார்ப்போம் என்றார்.

கேள்வி கேட்டு எடை போட மாட்டார் என்று சொன்னாளே, இது என்ன புதுக் கூத்து என்று கண்ணாடி விழித்தான். ஆனாலும் டயரைப் பற்றி இணையத்தில் பார்த்து உருப்போட்டு வந்ததை ஒப்பித்தான். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இடைவெளி அதிகம், அதனால் சேறு தங்காமல் தானாக உதிரும். பக்கச் சுவர் தடிமன், கல் குத்தாது. சேற்றிலும் மணலிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் அகலமாகப் பரந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒன்றுமே தெரியாதவர் மாதிரி அவர் கேட்டுக்கொண்ட விதத்தை நினைத்து, என்ன பெருந்தன்மை, இத்தனை வருஷம் டயரோடு டயராகக் கிடந்த மனிதர் நம்மிடம் பாடம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று கண்ணாடி உருகிப்போனான்.

"கடைக்குப் புதுசா நீ?" என்றார்.

"ஆமா சார். இன்னைக்குத்தான் முதல் தடவை."

"அதான் பார்த்தேன். பரவாயில்ல, நல்லா பேசுற."

கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தால் திரையில் டாக்டரின் முகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பெற்ற அப்பா பக்கத்து இருக்கையில், மகள் படம் இவன் கையில். கண்ணாடி போனைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். அது அடியிலிருந்தும் அடித்தது. மறுபடி எடுத்து, பாதையைப் பார்க்காமல் போனையே பார்த்து, அணைக்கிற பொத்தானை அமுக்கி, அது ஒருவழியாக உயிரை விடுகிறவரை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

நிமிர்ந்தபோது பாதை வலது பக்கம் திரும்பியிருந்தது. ஜீப் திரும்பவில்லை. சரிவில் சறுக்கி, மணலைத் தாண்டி, நேரே சேற்றுக் குழியின் நடுவில் போய் வயிறு படிய உட்கார்ந்தது.

துடைக்கும் கம்பி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுவும் சோதனையா தம்பி?" என்று விசாரித்தார் மாமனார்.

"சோதனைதான் சார். டயரோட எல்லை எதுன்னு பார்த்துடணும்ல."

சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தான். நாலு சக்கரமும் ஆவேசமாகச் சுற்றின. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, கீழே போனது. இன்னும் மிதித்தான், இன்னும் கீழே போனது. கதவைத் திறந்தால் படிக்கட்டுக்குப் பதிலாகச் சேறு நின்றது. வெள்ளைச் சட்டையின் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

யாரையாவது உதவிக்குக் கூப்பிடலாமே, கடைக்கு ஒரு போன் போடேன் என்றார் மாமனார். அவருடைய போன் கடையில் சார்ஜில் கிடக்கிறதாம். கண்ணாடி தன் போனைத் தொட்டான். இதை உயிர்ப்பித்தால் அடுத்த நொடியே அந்தச் சிரித்த முகம் திரையில் வந்து நிற்கும். தன் போனிலும் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டான். இப்போதுதானே கணகணவென்று அடித்தது என்று அவர் கேட்டார். கடைசி மூச்சு சார் அது என்றான்.

ஆக, இனி சொந்தப் புத்திதான். காற்றை இறக்குவோம் என்று தீர்மானித்தான். முழங்கால் சேற்றில் இறங்கி, பின் சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் நடுவில் இருந்த ஊசியை அமுக்கினான். உஸ்ஸென்று காற்று இறங்கியது. டயர் அளவாகப் பரந்ததும் விட்டுவிட்டான். இரண்டு முன் சக்கரங்களுக்கும் அப்படியே செய்தான். எல்லாம் சரியாகவே நடந்தது. மனிதனுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை வரும்போதுதான் விதிக்குப் பொறுக்காது.

மிச்சமிருந்த பின் சக்கரத்தின் ஊசியை அமுக்கியபோது, மாமனார் அவன் தலைக்கு மேலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, டயரை விடு. பொண்ணு எப்படி?"

கண்ணாடி தலையை மட்டும் தூக்கினான். "எந்தப் பொண்ணு சார்?"

"நடிக்காத. மாட்டு டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. உனக்குத் தெரியாம இருக்காது. நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாத. உள்ளதை உள்ளபடி சொல்லு, குணம் எப்படி?"

தெரிந்துபோய்விட்டது. எல்லாம் தெரிந்துபோய்விட்டது. இருந்தாலும் என்ன மனிதர் இவர். பெற்ற மகளைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி நிதானமாகக் கேட்கிறாரே, இந்த நியாயம் யாருக்கு வரும் என்று ஒரு பக்கம் தோன்றியது. என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று டாக்டர் போட்ட கட்டளை மறு பக்கம் இழுத்தது. எங்கள் தெருவில் நாய்க்கு ஊசி போட வந்திருக்கிறார்கள், அந்த அளவுக்குத்தான் பழக்கம் என்று மெல்ல ஆரம்பித்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

கடிக்க வரும் நாய்கூட அந்தக் கையில் ஊசி போட்டுக்கொண்டு வாலை ஆட்டும் என்றான். மாடு ஈனமுடியாமல் கிடந்த வீட்டில், விடிகிறவரை தொழுவத்திலேயே உட்கார்ந்து கன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே முகம் கழுவி நேராக வேலைக்குப் போனவள் என்றான். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது, ஆனால் ஒருத்தர் மனசு நோகப் பேசினதில்லை என்றான். கோபம் வருமா என்று கேட்டார். வரும், நேரத்துக்கு வராவிட்டால் மட்டும் வரும், அதுவும் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிடும் என்றான். அவள்மேல் இருந்த அத்தனை ஆசையும் அந்தச் சேற்றில் நின்று வார்த்தையாக வந்துகொண்டிருந்தது.

மாமனார் இன்னும் குனிந்தார். "ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லு. பொண்ணு மனசுல யாராவது இருக்காங்களா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க, அதான் கேக்கறேன்."

இதுதான் கண்ணி என்று கண்ணாடிக்குப் புரிந்தது. இதில் கால் வைத்தால் கல்யாணம் இல்லை. சேறு அப்பிய கையைத் தலையில் வைத்தான்.

"என் தலை மேல சத்தியமா இல்ல சார். அந்தப் பொண்ணு எவனையும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்ல."

"அப்படியா," என்று நீண்ட மூச்சு விட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தேகமெல்லாம் வடிந்துவிட்டது. கூடவே டயரில் இருந்த காற்றும் வடிந்துவிட்டிருந்தது. இவ்வளவு நேரமும் கண்ணாடி சாவியை ஊசியிலிருந்து எடுக்கவே இல்லை. டயர் துணிமாதிரித் துவண்டு ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது.

சரி, ஸ்டெப்னி மாற்றுவோம் என்றான். பின்னால் மாட்டியிருந்தது பல்லெல்லாம் போன பழைய டயர். அதுவாவது இருக்கிறதே. ஜாக்கியை அடியில் வைத்துச் சுற்றினான். வண்டி மேலே வருவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போனது. பின் இருக்கையின் மெத்தையைப் பிடுங்கி ஜாக்கிக்கு அடியில் கொடுத்தான். இப்போது ஜாக்கியும் மெத்தையும் ஜோடியாகக் கீழே போயின. ஒரு பக்கத்து முனை மட்டும் வெளியே தெரிந்தது. புது மெத்தை தம்பி அது என்று மாமனார் வருத்தமாகச் சொன்னார்.

கடைசியில் அவரே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். செருப்பு முதல் அடியிலேயே சேற்றோடு போனது. கரையிலிருந்து தட்டையான பாறைக்கல் ஒன்றைத் தனி ஆளாகத் தூக்கிவந்து போட்டார். அதன்மேல் ஜாக்கி நின்றது, ஸ்டெப்னி ஏறியது. கண்ணாடிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவன் தன்னை மறந்து, "பார்த்து மாமா, கை வழுக்கும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "மாமான்னே கூப்பிடு. நல்லாத்தான் இருக்கு."

இதற்குமேல் என்ன வேண்டும். கண்ணாடி துள்ளி ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். மாமனார் பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். கிளட்சை மெதுவாக விட வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். சந்தோஷத்தில் எதை மெதுவாக விட முடியும். டயரின் பல் ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்தது. சேற்றை வாரி வாரி, தங்கவிடாமல், பின்னால் நின்ற மனிதரின் மேல் தலையிலிருந்து கால்வரை அப்பியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மாமனாரைக் காணோம். அவர் நின்ற இடத்தில் அவர் உயரத்துக்கு ஒரு சேற்றுப் பொம்மை நின்றது. அதில் கண் மட்டும் திறந்து மூடியது.

பொம்மை மறுபடி தோள் கொடுத்தது. வண்டி அசைந்தது, நகர்ந்தது, சட்டென்று பிடித்துக்கொண்டு கிளம்பியது. இப்போது நிறுத்தினால் திரும்பப் புதையும் என்கிற ஞானம் கண்ணாடிக்கு வந்தது. நிறுத்தாமல் விட்டான். மாமனார் வெறுங்காலோடு ஜல்லியில் துள்ளித் துள்ளிப் பின்னால் ஓடிவந்தார். கை வேறு காட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று இவன் இன்னும் கொஞ்சம் மிதித்தான். மேட்டில் பாறைத் தரை வந்த பிறகுதான் வண்டி நின்றது. அவர் வந்து சேர்வதற்கு வெகு நேரமாயிற்று.

வந்தவர் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண்ணாடிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மெத்தை போயிற்று, செருப்பு போயிற்று, புது டயர் ஒன்று தொங்குகிறது, பெண்ணைப் பெற்றவரைச் சேற்றில் முக்கி எடுத்து ஓட்டமும் விட்டாயிற்று. எந்த அப்பன் கொடுப்பான். இனி அவளை எந்த முகத்தோடு பார்ப்பது. போகிறது போகட்டும், ஒரு வார்த்தையாவது நிஜமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"மாமா, டயர் மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்குத்தான் ஓட்டத் தெரியாது. இதுக்கு முன்னாடி ஜீப்ல ஏறினதுகூட இல்ல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

மாமனார் முகத்தில் இருந்த சேற்றை வழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். பிறகு அவன் தோளில் கையை வைத்தார். ஓட்டத் தெரியாதது அவருக்கு ஏறும்போதே தெரியுமாம். வாயால் ஒப்புக்கொள்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்தக் காலத்தில் தன் குறையைத் தானே சொல்கிறவன் எங்கே கிடைப்பான், இப்படிப்பட்டவன் சொல்கிற வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றார்.

"உன் வீட்டுப் பொண்ணா நினைச்சுச் சொல்லு. இந்தப் பொண்ணைக் கட்டினவன் நல்லா இருப்பானா?"

"கொடுத்து வச்சவன் மாமா அவன்," என்றான் கண்ணாடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப சரி. நான் முடிவு பண்ணிட்டேன்."

குவாரியிலிருந்து கடை வரைக்கும் ஜீப் எப்படி வந்தது என்று கண்ணாடிக்கு நினைவில்லை. துடைக்கும் கம்பி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் மொட்டை டயர், மற்ற மூன்றிலும் அரைக் காற்று. வண்டி நொண்டி நொண்டி வந்தது. அவன் மட்டும் மிதந்து வந்தான். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் எதைச் சொல்வது, டாக்டருக்கு அந்தச் சிரித்த படத்தை எடுத்துக் காட்டி இதனால்தான் அத்தனையும் என்று எப்படிக் கேலி செய்வது என்று வழி முழுக்க அவன் யோசித்துக்கொண்டே வந்தான்.

கடை வாசலில் டாக்டர் நின்றிருந்தாள், கையில் போனோடு. முகம் வெளிறிப்போயிருந்தது. பாவம், என்ன ஆயிற்றோ என்று தவித்துப்போயிருப்பாள். கவலைப்படாதே, காய் பழுத்துவிட்டது என்கிற பொருளில் கண்ணாடி அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் கறை படிந்த பனியனோடு, டயர் நெம்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். டயர் மாட்டுகிற ஆளாக இருக்கும். ஜீப் வந்த கோலத்தைப் பார்த்து அவருடைய வாய் பிளந்திருந்தது.

வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் என்கிற தோரணை கண்ணாடிக்கு அதற்குள் வந்துவிட்டது. இறங்கினவன் சாவியை அந்த ஒல்லி மனிதரின் கையில் வைத்து, "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் கழுவி விட்டுடுங்க. ஒரு மெத்தை சேத்துல கிடக்கு, அதையும் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க," என்றான். டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒல்லி மனிதர் சாவியையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சேறு சொட்டச் சொட்ட இறங்கி வந்த பெரியவர், கண்ணாடியை அன்பாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த ஒல்லி மனிதரின் இரண்டு கையையும் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, என் ஜீப்புக்கு டயர் மாட்டுற சாக்குல எல்லாம் விசாரிச்சுட்டேன். இனி நான் என் பையனுக்கு வேற இடம் பார்க்கப்போறதில்ல. உங்க பொண்ணு மனசுல யாருமே இல்லன்னு உங்க கடைத் தம்பியே தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டான்."